நெய் ஒட்டாத தட்டு

எங்கள் தொழிற்சாலைக் கேன்டீன் வாசலில் இப்போது பெரிய திரை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அன்றைய சாப்பாட்டில் மாவுச்சத்து எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று மூன்று நிறத்தில் வட்டம் போட்டுக் காட்டும். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. முதல் வாரம் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அடுத்த வாரமே அதன் ஓரத்தில் ஹெல்மெட் மாட்ட வசதியாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தத் திரையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அதன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிறகு உணவு ஆலோசகர் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர், "மேடம், இதெல்லாம் இல்லாதப்போ நீங்க எப்படித்தான் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். சமாளிப்பதாவது! நன்றாகவே செய்தேன். கேட்டார்களே என்று எழுதுகிறேன். கேட்காமல் விட்டிருந்தாலும் எழுதியிருப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

என் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஓசூர் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள். சேலத்தில் மனையியல் படித்து, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உப்பில்லாக் கஞ்சி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஓசூர் தொழிற்பேட்டையில் இருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு உணவு ஆலோசகராக வந்தேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, பெரிய சம்மட்டி இயந்திரத்தில் அடித்து, லாரிகளுக்கு அச்சு செய்கிற இடம். மருத்துவமனையில் சாப்பிட முடியாதவர்களைச் சாப்பிட வைக்க வேண்டும். இங்கே வந்து பார்த்தால், ஒவ்வொருவர் தட்டிலும் சோறு மலைபோல இருந்தது. அதன் உச்சியில் சாம்பார் ஒரு ஓடைபோல இறங்கிக்கொண்டிருந்தது. பொரியல் ஒரு சிட்டிகை. கூடவே அப்பளம் இரண்டு.

எனக்கு மேலே இருந்தவர் தொழிற்சாலை மருத்துவர் சரோஜம்மா. ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒருவரைக் கண்டிக்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி மேசையைத் தொடும் சத்தத்துக்குப் பெரிய பெரிய மேலாளர்களெல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் நாள் நான் உணவு அட்டவணைகளை அடுக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி, கேன்டீனில் எச்சில் தட்டுகளை உள்ளே தள்ளும் ஜன்னலுக்கு என்னை அழைத்துப்போனார்.

"நோடம்மா, இங்கே நில்லு. வர்ற தட்டைப் பாரு. ஆளைக் கேட்டா நீ சந்தோஷப்படற மாதிரி பதில் சொல்லுவான். தட்டுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது."

பட்டம் வாங்கியவளை எச்சில் தட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டாரே என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வாரம் முறைத்துக்கொண்டே நின்றேன். அதற்கப்புறம் அந்த இடத்தை விட்டு நகர எனக்கே மனம் வரவில்லை. கூட்டுக்குள்ளிருந்து பருப்பை ஒதுக்குகிறவர் யார், கீரையை ஓரம்கட்டுகிறவர் யார், முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை விடுகிறவர் யார் என்று முகம் பார்க்காமலே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆட்கள் எனக்குத் 'தட்டு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். "டேய், தட்டு மேடம் நிக்கிறாங்க, அந்தப் பீன்ஸை வாயில போட்டுக்கடா" என்று என் காதுபடவே பேசுவார்கள். நானும் சிரிக்காமல் நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஜன்னலில் நின்றதில் கிடைத்த முதல் வெற்றி சாம்பார். வரிசையில் முன்னால் நிற்பவர்களின் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீரும், கடைசியில் வருகிறவர்களின் கிண்ணத்தில் கெட்டிப் பருப்புமாக இருந்தது. கடைசியில் வருகிறவர்கள் அலுவலகத்துக்காரர்கள். முதலில் வருகிறவர்கள் உலைக்களத்தில் வேர்த்துக் கொட்டிவிட்டு வருகிறவர்கள். சமையல் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

"மேடம், நான் பருப்பு போடறதில்லன்னு சொல்றீங்களா?" என்று சட்டுவத்தோடு எழுந்தார் அவர்.

"போடறீங்க மாஸ்டர், நல்லாவே போடறீங்க. அது அடியில உக்காந்திருக்கு. உங்க பையனுங்க கரண்டி மேலேயே நீச்சலடிக்குது."

அன்றிலிருந்து எங்கள் கேன்டீனில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் கரண்டி அண்டாவின் அடியைத் தட்ட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் 'டங்', 'டங்' என்று அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கூடுதலாக ஒரு படி பருப்புகூட வாங்காமல் உலைக்களத்து ஆட்களுக்குப் புரதம் போய்ச் சேர்ந்தது.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு கூத்து நடந்தது. மனிதவளத் துறையில் புதிதாக வந்த ஒருவர் ஆரோக்கிய வாரம் என்று சொல்லி, எண்ணெயே இல்லாத சாப்பாடு போட வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க கேட்டுக்கு வெளியே இருந்த பஜ்ஜிக் கடையில் திருவிழாக் கூட்டம். கொழுப்பை அடியோடு எடுத்துவிட்டால் சாப்பாடு வயிற்றில் நிற்காது, சீக்கிரம் பசிக்கும். பசித்தவன் வாசலில் எது பொரிகிறதோ அதைத்தான் தின்பான். அடுத்த வாரமே பொரியலுக்குத் தாளிப்பும், மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் திரும்பி வந்தன. நான் அவரைப் பார்த்துச் சும்மா சிரித்தேன். அது அவருக்கு இன்னும் கோபம்.

இந்த மாதிரி கதைகள் நிறைய உண்டு. ஆனால் என் வேலை இன்னது என்று எனக்கே உறைக்க வைத்தது முனிராஜ் விஷயம்தான்.

முனிராஜ் உலைக்களத்தில் கிரேன் ஓட்டுபவர். கல்லாவி கிராமத்துக்காரர். அப்பா அம்மா பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் கம்பெனி வேலை இவருடையது. தலைக்கு மேலே கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, டை என்று நாங்கள் சொல்லும் இரும்பு அச்சுக்கட்டைகளைத் தூக்கி, கீழே நிற்கும் ஆட்களுக்கு நடுவே பூப்போல இறக்குவார். ஊரிலும் அவர் பெயர் கிரேன் முனிராஜ்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவார்கள் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார்.

அவருக்குச் சர்க்கரை வந்தது. கிரேன் ஓட்டுபவர்களுக்கு மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தால்தான் கூண்டில் ஏற முடியும். சரோஜம்மா மாத்திரை எழுதினார், கண்டிப்பாக ஒரு நிபந்தனையும் போட்டார். "இந்த மாத்திரை போட்டா காலைல சாப்பிட்டே ஆகணும். வெறும் வயித்துல கிரேன் ஏறக் கூடாது. ஏறினே, அவ்வளவுதான், கீழே இறக்கிடுவேன்." முனிராஜ் தலையாட்டினார். ஆனாலும் சர்க்கரை குறையவில்லை. சரோஜம்மா மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டு, அவரை என்னிடம் அனுப்பி வைத்தார்.

"சோத்தையே விட்டுட்டன்ங்க மேடம்" என்று உட்கார்ந்ததுமே சொன்னார் முனிராஜ். "மூணு வேளையும் வூட்டுல களிதான். டூட்டில இருந்தா மட்டும் கேன்டீன். அப்பவும் சுகரு எறங்க மாட்டேங்குது. என்னா பண்றதுன்னே தெரியல."

எங்கள் மாவட்டத்தில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இது. ராகிக் களியில் சர்க்கரையே கிடையாது என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். அரிசியைவிட ராகி நல்லது, அதில் சந்தேகமில்லை. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. ஆனால் அதுவும் தானியம், அதிலும் மாவுச்சத்துதான். களியை மெல்லாமல் விழுங்குகிற வழக்கம் வேறு. எவ்வளவு போகிறது என்று வாய்க்கே தெரியாது.

எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கேன்டீனிலிருந்து சப்பாத்தி மாவு ஒரு பெரிய பந்தாக வாங்கி என் மேசையில் வைத்திருப்பேன். "உங்க வீட்டுக் களி உருண்டை அளவுக்கு இதுல கிள்ளி எடுங்க" என்பேன். ஆட்கள் வெட்கப்பட்டுச் சின்னதாகக் கிள்ளுவார்கள், நான் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன், இன்னும் கொஞ்சம் சேர்ப்பார்கள். முனிராஜ் அப்படியெல்லாம் நடிக்கவில்லை. முழுப் பந்தையும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொன்னு இருக்குங்களா மேடம்?" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"தொட்டுக்க என்ன?"

"கீரை கடஞ்சது. இல்லாட்டி புளிச்சாறு. அதுல முக்கி எடுத்தா வழுக்கிக்கினு போயிடும்."

ஆக, இரண்டு பெரிய உருண்டை மாவு, கூட வழுக்குவதற்கு ஒரு சாறு. பருப்பு இல்லை, பயறு இல்லை, முட்டை ஞாயிற்றுக்கிழமைதான். நான் அவருக்கு அடுப்பை வைத்துச் சொன்னேன். மாவுச்சத்து தென்னை மட்டை, சட்டென்று பற்றி எரிந்து அடங்கும். கொழுப்பு வேலமரத்துக் கட்டை, நின்று எரியும். புரதம் அந்த அடுப்புக்கே செங்கல். செங்கல்லும் கட்டையும் இல்லாமல் மட்டையாகவே திணித்தால் அடுப்பு என்ன ஆகும்? உலைக்களத்து ஆளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஓர் உருண்டை, அதுவும் பாதி அளவில். கூட அவரையோ மொச்சையோ கொள்ளோ போட்ட குழம்பு, ஒரு முட்டை, காய் கொஞ்சம் தாராளமாக, மாலையில் ஒரு பிடி கடலை. அவர் மனைவி லட்சுமி போனில் என்னிடம் பேசி, எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார்.

சர்க்கரை இறங்கியது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் வாரத்தில் ஏதோ ஒரு நாள் கிரேனில் சுமை லேசாக ஆடுகிறது என்று கீழே கொக்கி மாட்டும் ஆட்கள் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. முனிராஜிடம் கேட்டால், "காத்துங்க மேடம்" என்றார். கூரைக்குக் கீழே, நாலு பக்கமும் சுவர் வைத்த இடத்தில் என்ன காற்று?

அது புரட்டாசி மாதம். சனிக்கிழமைகளில் கேன்டீனில் பாதிக் கூட்டம் ஒரு பொழுது இருக்கும். பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்து பெருமாளைக் கும்பிட்டு ஒரு வேளை சாப்பாடு. காலையில் அவர்கள் கேன்டீன் பக்கமே வர மாட்டார்கள். முனிராஜ் மட்டும் வந்தார். கூட்டத்தோடு உட்கார்ந்தார், பேசினார், எழுந்து வந்து தன் தட்டை ஜன்னலில் வைத்தார். போகிற போக்கில் "வரன்ங்க மேடம்" என்றார்.

அன்றைக்குப் பொங்கல். பொங்கல் தின்ற தட்டை யாராலும் மறைக்க முடியாது. எவ்வளவு வழித்துத் தின்றாலும் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். நெய் மினுங்கும். ஓரத்தில் ஒரு மிளகோ கறிவேப்பிலையோ ஒட்டியிருக்கும். முனிராஜின் தட்டு கழுவி அடுக்கின மேனிக்கு இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். நெய்ப்பசை கொஞ்சமும் இல்லை. அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து, ஆட்கள் நடுவே சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, அப்படியே கொண்டு வந்திருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாத்திரையின் அளவு கூடியிருக்கிறது. என் பேச்சைக் கேட்டு வீட்டுச் சாப்பாட்டில் மாவுச்சத்து பாதியாகக் குறைந்திருக்கிறது. இரண்டும் சரியாக நடந்ததால்தான் சர்க்கரை இறங்கியது. இதற்கு நடுவில் ஒருநாள் வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டால், சர்க்கரை பள்ளத்தில் விழும். கை நடுங்கும், கண் இருட்டும். அந்தக் கை இப்போது டன் கணக்கில் இரும்பை ஆட்களின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரோஜம்மாவுக்குப் போன் செய்தேன். விளக்கமெல்லாம் கேட்கவில்லை. "நீ போ, நானும் வர்றேன்" என்றார். கேன்டீனிலிருந்து உலைக்களம் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். நான் அப்படி ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஷிப்ட் பொறுப்பாளர் கோபிநாத் வழி மறித்தார். "மேடம், டை மாத்திக்கிட்டிருக்கோம். இப்ப போய் நடுவுல நிறுத்தச் சொன்னா எப்படி? ஒரு தட்டைப் பாத்துட்டா சொல்றீங்க?"

"ஆமா கோபி, ஒரு தட்டைப் பாத்துட்டுத்தான் சொல்றன். அந்தக் கட்டைக்குக் கீழ நீங்க போய் நில்லுங்க பாக்கலாம்."

அவர் மேலே பார்த்தார். டை தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை. முனிராஜ் கூண்டிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் சரோஜம்மா வந்துவிட்டார். அந்த இரைச்சலிலும் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோபி, சுமையைக் கீழே வை. ஆளைக் கீழே இறக்கு. காரணம் அப்பறமா சொல்றேன்."

சைகை காட்டும் ஆள் கையைத் தாழ்த்தினார். டை இறங்கித் தரையில் அமர்ந்தது. முனிராஜ் ஏணியில் இறங்கி வந்தார். கடைசிப் படியில் கால் தடுமாறியது. உலைக்களத்தில் எல்லோருக்கும்தான் வேர்க்கும், அதனால் அவருக்கு வேர்த்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் கையைப் பிடித்தேன், ஐஸ்போல இருந்தது. சரோஜம்மா விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு தடவை தலையசைத்தார். கையோடு குளுக்கோஸ் கரைத்த டம்ளரை நீட்டினார்.

முனிராஜ் வாயை இறுக்கிக்கொண்டார். "வேணாங்க டாக்டரம்மா. ஒரு பொழுது. பொழுது சாயட்டும்."

"எதுக்கு வேண்டுதல்?"

"எம் பொண்ணு கைக்கொழந்தையில மஞ்சக்காமாலை வந்து பொழைக்க மாட்டான்னு சொன்னாங்க. பொழச்சிட்டா, ஆயுசு பூரா பொரட்டாசி சனிக்கெழம ஒரு பொழுது இருக்கறன்னு பெருமாளுக்கு வேண்டிக்கினன். பொழச்சிக்கினா. இப்ப காலேஜ் போறா."

"செரி. பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன். நீ குடி."

குடித்தார். கண்ணில் தண்ணீர் இறங்கியது. நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும், டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாத்தரைய ஒரு நாளும் வுட்டதில்ல. வேண்டுதலையும் வுட்டதில்ல. சாப்பாடு இல்லன்னு சொன்னா எறக்கிடுவாங்கன்னுதான் தட்டு எடுத்துக்கினு உக்காந்தன். எஞ் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மேடம்."

உலைக்களமே கேட்டுக்கொண்டு நின்றது. இத்தனை வருட வேலையில் என்னை இவ்வளவு நோகடித்த வார்த்தை வேறு கிடையாது. ஒரு மனிதனின் சோற்றைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பே. இருந்தாலும் அன்று செய்ததை நூறு தடவை திரும்பவும் செய்வேன். அதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை.

தகுதிச் சான்று ரத்தானது. கிரேன் முனிராஜ் தரையில் நின்று, வேறொருவர் ஓட்டும் கிரேனுக்குக் கொக்கி மாட்டினார். நான் எதிரே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரோஜம்மா தன் அறையில் என்னை உட்காரவைத்து, "மாத்திரையைக் கூட்டினது நான். பட்டினி கிடப்பியான்னு நான் கேட்டிருக்கணும். அவனைத் திரும்ப மேலே ஏத்தறது நம்ம ரெண்டு பேர் வேலை" என்றார். மேலாளர்கள் சிலர் முனிராஜை நிரந்தரமாகவே தரைவேலைக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். சரோஜம்மாவின் கண்ணாடி மேசையைத் தொட்டது, அந்தப் பேச்சும் அதோடு நின்றது.

சர்க்கரையைத் திடீரென்று பள்ளத்தில் தள்ளாத வேறு மாத்திரைக்கு சரோஜம்மா மாற்றினார். சாப்பாட்டை நான் பார்த்துக்கொண்டேன். மிச்சமிருந்தது பெருமாள்தான். அதற்காக ஒருநாள் பாகலூர் சாலையில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். முனிராஜ் நான் வந்ததும் வெளியே போய்விட்டார். லட்சுமி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"அவுரு எங்கூடவும் சரியா பேசறதில்லீங்க" என்றார். "ஊருக்குக்கூட போவ மாட்டேங்குறாரு. கீழ நின்னு வேல செய்யறது தெரிஞ்சா என்னா நெனப்பாங்கன்னு வெக்கம்."

"வேண்டுதலை விடச் சொல்லி நான் கேக்க வரல லட்சுமி. அதை எப்படி ஆபத்தில்லாம பண்றதுன்னு கேக்கத்தான் வந்தன்."

லட்சுமி களியை உருட்டித் தட்டில் வைத்தார். சின்ன உருண்டை, நான் சொன்ன அதே அளவு. வீட்டுக்காரர் என்மேல் கோபமாக இருந்தபோதும் அந்த அளவை அவர் மாற்றவில்லை.

"நானும் அதத்தான் கேட்டன். ஒரு பொழுதுன்னா சோறுதான ஆகாது? பாலும் பழமும் வேணாம்னு பெருமாளு எப்பங்க சொன்னாரு? எங்க வூட்டுல எல்லாம் பால் குடிச்சிக்கினுதான் இருப்பாங்க. இவுருதான் தண்ணிகூட ஆகாதுன்னு புடிவாதம். பொண்ண வுட்டுச் சொல்ல வெக்கறன். அவ சொன்னாத்தான் கேப்பாரு."

மகள் சொன்னாள். பால், பழம், ஊறவைத்த கடலை என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் பாலும் பழமுமாக இருக்கிற நாளில் கிரேன் ஏறக் கூடாது என்பதில் சரோஜம்மா அசையவில்லை. அதற்கு வழி விடுமுறைப் பட்டியலில் இருந்தது. உலைக்களம் ஏழு நாளும் ஓடும், ஆளுக்கொரு நாள் ஓய்வு. சீனியர்களுக்குத்தான் ஞாயிறு கிடைக்கும். அது ஒரு கௌரவம். முனிராஜுக்கு ஞாயிறு. இன்னொரு கிரேன் ஆள் அருள்ராஜுக்குச் சனி. அருள்ராஜ் தேவாலயத்துக்குப் போக முடியவில்லை என்று வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார். சீனியரிடம் ஞாயிற்றைக் கேட்கிற தைரியம் மட்டும் வரவில்லை. கோபிநாத்தான் நடுவில் நின்று பேசினார். முனிராஜ், "எடுத்துக்க சொல்லுங்க" என்றார். பெருமாளுக்குச் சனிக்கிழமையும், அருள்ராஜின் கர்த்தருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே கையெழுத்தில் கிடைத்தன.

சில மாதங்கள் ஒழுங்காகப் போனதைப் பார்த்த பிறகு சரோஜம்மா சான்றில் கையெழுத்துப் போட்டார். முனிராஜ் கூண்டில் ஏறிய அன்று நான் உலைக்களத்துக்குப் போகவில்லை. வழக்கம்போல ஜன்னலில் நின்றேன். அவர் சாப்பிட்டு முடித்து வந்தார். தட்டை உள்ளே தள்ளுவதற்கு முன்னால், விளக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி அதை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். எண்ணெய் மினுங்கியது, ஓரத்தில் பருப்பு ஒட்டியிருந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் அதேதான். ஒரு வார்த்தை கிடையாது. மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்டதும் இல்லை. தட்டைச் சாய்ப்பார், நான் பார்ப்பேன், போய்விடுவார். சரோஜம்மா ஓய்வு பெற்றுப் போனார். அந்த ஜன்னலையும் அடைத்துவிட்டு, தட்டுகளைத் தானாக உள்ளே இழுத்துப்போகும் பெல்ட் போட்டார்கள். நான் நிற்பதற்கு இடமில்லாமல் போனது. முனிராஜ் வேறு ஷிப்டுக்கு மாறினார், பார்ப்பதும் குறைந்துவிட்டது.

என் கடைசி நாளன்று கேன்டீனிலேயே வழியனுப்பு விழா வைத்தார்கள். கழுத்தில் மாலை, கையில் சால்வை, பக்கத்தில் மேலாளர்கள், போட்டோ எடுக்க ஆள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனிராஜ் வந்தார். தலையில் ஹெல்மெட், கையில் எச்சில் தட்டு. பெல்ட்டில் போடாமல் அப்படியே எடுத்து வந்திருந்தார். போட்டோக்காரர், "அண்ணே, தட்டை வெச்சிட்டு வாங்கண்ணே" என்றார். முனிராஜ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் முன்னால் நின்று, தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.

அன்றைக்கும் பொங்கல். நெய் படிந்து, ஒரு மிளகு ஒட்டியிருந்தது.

"சாப்புட்டன்ங்க மேடம்" என்றார். "பாத்துக்குங்க."

மாலையோடு குனிந்து பார்த்தேன். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தேன்.

"பாத்துட்டன் முனிராஜ்" என்றேன். "போங்க, மேல ஏறுங்க."